எட்டரை மணி இடைவேளை

அத்தியாயம் 9

லோட்டுவின் மூக்கு உடைந்தபோது காலை மணி எட்டு ஐம்பது.

உடைத்தவனின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. குயின்ஸ்லாந்தின் எல்லையோர ஊரான வார்விக்கில், ஹாலோரன் மாட்டிறைச்சி ஆலையின் வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று நடுவில் இருந்தவன் கேட்டான். ஏபெல் தாரிக்காக என்று லோட்டு மறைக்காமல் சொன்னான். உண்மை பேசினால் என்ன கிடைக்கும் என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

லோட்டு டோங்கா தீவுக்காரன். எட்டு வருஷம் ரக்பி ஆடிய உடம்பு. கம்ப்யூட்டர் படிப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ரத்தம் சட்டையில் இறங்குவதைக் குனிந்து பார்த்தான். பிறகு அடித்தவனின் காலரைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் நின்ற வண்டியின் பானெட்டில் முகம் பதிய ஒரு முறை வைத்தான். ஒரே முறைதான். தகரம் நசுங்கியது. மற்ற நால்வருக்கும் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டபடி காரிலிருந்து இறங்கினாள் ப்ரான்வின் கெஸ்பி.

"முடிஞ்சுது பாஸ். மூக்கும் சேர்த்து."

"பஞ்சு வச்சுக்கோ. உள்ள ஓடுற ரத்தத்துல உன்னோடத யாரும் கண்டுக்க மாட்டாங்க."

கெஸ்பிக்கு வயது ஐம்பத்தொன்று, விரல் எட்டு. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருஷம் இறைச்சி ஆலைகளில் அரசாங்கப் பரிசோதகராக இருந்தவள். மீதி இரண்டு விரலும் அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் போயின. யாராவது விசாரித்தால், எடை குறைந்தால் உடம்புக்கு நல்லது என்பாள்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தது லோட்டு போகும் சர்ச்சின் தீவுப் பெண்கள். கூலியாக ஒரு மூட்டை சேப்பங்கிழங்கும் தினசரிப் பிரார்த்தனையும் பேசி முடித்திருந்தார்கள். வனுவாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஏபெல் அந்த சர்ச்சில்தான் அடிக்குரலில் பாடுவான். அவன் பாடினால் பெஞ்சு அதிரும். இப்போது அவன் தாடை இரண்டாக உடைந்து, வார்விக் ஆஸ்பத்திரியில் கம்பி கட்டிக் கிடந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் லோட்டுவுக்கு இன்னொரு பானெட்டைத் தேடத் தோன்றியது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, இந்த ஆலையின் குளிர் அறையில், வரிசையாகத் தொங்கிய மாட்டு உடல்களுக்கு நடுவே ரீஸ் ஆல்டர்டன் தொங்கினான். கழுத்து இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை திறந்திருந்தது. ரீஸ் கத்தி பிடிக்கிற ஆள் இல்லை. ஆலையின் எண்களையெல்லாம் இழுத்துவந்து பெரிய திரையில் காட்டும் டாஷ்போர்டு அவன் பொறுப்பு. ஒன்பது மணிக்குத் தன் அம்மாவுடன் போனில் பேசியிருக்கிறான். ஒன்பதே முக்காலுக்குப் பிணமாகப் பார்த்தார்கள்.

ஏபெலைப் போலீஸ் பிடித்ததற்கு ஒரு தாள்தான் காரணம். அது ரீஸின் டாஷ்போர்டிலிருந்து எடுத்த தாள். மாடு வெட்டும் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை எண் உண்டு. கருவியை அழுத்துகிறபோதெல்லாம் அந்த மேசைக்கு நேரே எண்ணிக்கை ஏறும். ஏபெல் மாட்டுக் கால் வெட்டும் ஒன்பதாம் மேசைக்காரன். தாளில் ஒன்பது நாலிலிருந்து ஒன்பது இருபத்தாறுவரை ஒன்பதாம் மேசை பூஜ்யம். மற்ற எல்லாரும் வேலையில் இருந்திருக்கிறார்கள். போதாததற்கு, முந்தின நாள் கேன்டீனில் ஏதோ எண்களைக் கேட்டு ஏபெல் ரீஸிடம் சத்தம் போட்டதை ஊரே பார்த்திருந்தது. அதை வைத்தே, தாள் வருவதற்கு முன்பே, அதே கேன்டீனில் அவனை உதைத்துவிட்டார்கள்.

தான் நகரவே இல்லை என்று ஏபெல் எழுதிக் காட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவனை உதைத்த கால்களில் அவர்கள் கால்களும் இருந்தன. வேறு எப்படிச் சொல்வார்கள்?

இன்று வியாழன். பத்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து கையெழுத்துப் போடுவார். அதோடு ஏபெலை பிரிஸ்பேன் சிறைக்கு ஏற்றிவிடுவார்கள். ரீஸின் அண்ணன் கிரெய்க், ஒருத்தன் வயிற்றைக் கிழித்த குற்றத்துக்கு அதே சிறையில் ஏழு வருஷமாக இருக்கிறான். தம்பியைக் கொன்றவனுக்காக ஒரு டூத் பிரஷ் கைப்பிடியைத் தீட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். வேனில் ஏறினால் ஏபெல் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கமாட்டான். கெஸ்பிக்கு இருந்தது எழுபது நிமிஷம்.

ஆலை அன்றுதான் மறுபடி திறந்திருந்தது. தளத்துக்குள் நுழைந்ததும் சூடான ரத்த வாடை லோட்டுவின் மூக்குப் பஞ்சையும் தாண்டி ஏறியது. தலைக்குமேல் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. அதில் தலைகீழாக மாடுகள் வந்தன. ஒருவன் தோலை உரித்தான், ஒருவன் வயிற்றைத் திறந்தான், ஒருவன் ரம்பத்தால் முதுகைப் பிளந்தான். சுவரில் பெரிய திரை இருந்தது. அதில் எல்லா மேசைக்கு நேரேயும் வேகம் பூஜ்யம் என்று காட்டியது.

"இத்தன பேர் வேர்த்துக் கொட்டறாங்க, திரை சோம்பேறிங்கன்னு திட்டுதே பாஸ்."

மேனேஜர் க்வென் ஹாடன் அதற்குப் பதில் சொன்னாள். ஒல்லியான, இஸ்திரி போட்ட மாதிரியான பெண்மணி. ரீஸ் போன நாளிலிருந்து திரைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, சரிபார்க்க வேறு ஆள் இல்லை, பையன்களும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்றாள். இங்கே யாரும் திரையை நம்பி வாழ்வதில்லை, மணியைத்தான் நம்புகிறார்கள் என்று சிரித்தாள்.

சங்கிலியின் கடைசியில், குளிர் அறைக் கதவுக்கு இருபதடி முன்னால் எடைத் தராசு. அதை இயக்குகிறவன் டீன் கோரி. கதவை அடைக்கிற அகலம், இடது கையில் கத்தி இறங்காத இரும்புக் கண்ணிக் கையுறை, இடுப்பில் கத்திகள். கெஸ்பி யார் என்று தெரிந்ததும் அவன் வாய் கோணியது.

"அந்தத் தீவுக்காரப் பயலுக்காகவா வந்தீங்க? அவன் தாடைய ஒடச்சது இந்தக் கால்தான். கேன்டீன்ல, நாப்பது பேருக்கு முன்னால. எழுதிக்கோங்க."

"எழுதிக்கிட்டேன்," என்றாள் கெஸ்பி. உண்மையாகவே நோட்டை எடுத்து எழுதினாள்.

லோட்டுவின் கை முஷ்டியானது. கெஸ்பி அவன் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்கு நடத்தினாள். கதவுக்கு இத்தனை அருகில் நிற்கிறவனைப் போலீஸ் சும்மாவா விட்டது என்று லோட்டு முணுமுணுத்தான். விடாமல் என்ன செய்வார்கள்? அதே தாளில் தராசு ஒன்பதிலிருந்து ஒன்பதரைவரை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தராசு ஓடினால் டீன் அங்கே நிற்கிறான் என்று பொருள்.

ரீஸின் அறை, தளத்துக்குமேல் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. செவ்வாய் மத்தியானம் போலீஸ் அதைப் பூட்டி சீல் வைத்தது. சாவியை சார்ஜென்ட் ப்ரோகன் இன்று காலை நேரே கெஸ்பியின் கையில்தான் கொடுத்தான், அதுவும் பழைய சிநேகத்துக்காக. க்வென் துணைக்கு இருக்கிறேன் என்று கூடவே வந்து கதவருகே நின்றுகொண்டாள்.

ஒன்பது மணி. பூஜ்யமாகக் கிடந்த திரை சட்டென்று உயிர்பெற்று, வேகம் மணிக்கு நாற்பத்தொன்று என்று காட்டியது.

லோட்டு ரீஸின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செவ்வாய்க்கிழமைத் தாளைத் திறந்தான். போலீஸிடம் இருந்த அதே எண்கள்தான். மாற்றி எழுதிய தடம் ஒன்றும் இல்லை. கெஸ்பி அவனைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடிக்கு நெற்றியை முட்டுக்கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே ஓடும் மாடுகளை எட்டு விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போனது. ஏபெலின் கால் மணி நேரம்.

"பாஸ், மாடு எண்ணினா தூக்கம் வராது, அது ஆடு."

"வாய மூடு."

ஒன்பதரைக்கு மணி அடித்தது. ஸ்மோக்கோ. காலை டீக்கும் சிகரெட்டுக்குமான அரை மணி. சங்கிலி நின்றது, கத்திகள் உறைக்குள் போயின, அறுபது பேர் இரண்டு நிமிஷத்தில் தளத்தைக் காலி செய்தார்கள். க்வென்னும் கடிகாரத்தைப் பார்த்து, எல்லாருக்கும் டீ எடுத்துவருகிறேன் என்று படியிறங்கினாள்.

அவள் செருப்புச் சத்தம் ஓயும்வரை கெஸ்பி காத்திருந்தாள்.

"லோட்டு, கீழ எத்தன பேர் இருக்காங்க?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"திரையப் பாரு."

திரையில் வேகம் நாற்பத்தொன்று. ஒன்பதாம் மேசையில் எண்ணிக்கை நூற்று முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டிருந்தது. காலியான தளத்தில் தொங்கிய மாடுகளிலிருந்து ரத்தம் மட்டும் சொட்டியது.

"ரீஸோட ஆவியா பாஸ்?"

"ஆவியா இருந்தாலும் ஸ்மோக்கோவுக்குப் போயிருக்கும். இந்த ஆலையில பத்து வருஷம் முன்னால ஸ்மோக்கோவப் பத்து நிமிஷம் தள்ளி வச்சதுக்குப் பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு. நான் அப்ப இங்க இருந்தேன்." அவள் போலீஸ் தாளை மேசைமேல் விரித்து விரலை வைத்தாள். "இப்ப இதப் படி. எட்டரையிலருந்து ஒன்பது."

லோட்டு படித்தான். எட்டரையிலிருந்து ஒன்பதுவரை எல்லா மேசையும் பூஜ்யம். அரை மணி நேர ஸ்மோக்கோ. அவனும் நேற்றிலிருந்து இருபது தடவை அதைப் பார்த்திருக்கிறான், ப்ரோகனும் பார்த்திருக்கிறான். இறைச்சி ஆலைத் தாள் என்றால் நடுவில் அரை மணி ஓட்டை இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரன் எவனுக்கும் தெரியும். தெரிந்ததாலேயே எவனும் அது எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை. தாளை ஒன்பதரையோடு வெட்டித்தான் போலீஸிடம் கொடுத்திருந்தார்கள், அதனால் அடுத்த ஸ்மோக்கோவைத் தேடவும் யாருக்கும் தோன்றவில்லை.

"எட்டரைக்கு யாரு டீ குடிக்கறாங்க?" என்றாள் கெஸ்பி.

லோட்டு தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "எல்லைக்கு அந்தப் பக்கம்," என்றான்.

நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். குயின்ஸ்லாந்துக்காரர்கள் மாட்டார்கள், வெயில் கூடுதலாக விழுந்து திரைச்சீலை வெளுத்துவிடும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். இந்தக் கோடையிலும் அங்கே ஒன்பதரை அடிக்கும்போது இங்கே எட்டரை. ஹாலோரன் கம்பெனிக்கு எல்லைக்கு அப்பால், டென்டர்ஃபீல்டில், இன்னொரு ஆலை இருந்தது. அதே முதலாளி, அதே மேசை எண்கள், அதே தராசு.

"கனெக்‌ஷனத் திற," என்றாள் கெஸ்பி.

டாஷ்போர்டு என்பது கண்ணாடி மாதிரி. எதன் முன்னால் வைக்கிறோமோ அதைத்தான் காட்டும். எதன் முன்னால் வைப்பது என்பதைச் சொல்வதுதான் கனெக்‌ஷன்: எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், யார் பெயரில் உள்ளே போவது, எந்த ஊர் நேரத்தில் காட்டுவது. லோட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தான். நேரம் குயின்ஸ்லாந்து. பயனர் ரீஸ் ஆல்டர்டன். சர்வரின் பெயர் டென்டர்ஃபீல்ட்.

"அடப்பாவி. கண்ணாடியப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க பாஸ். அவங்க ஸ்மோக்கோவுலருந்து ஒரு மணி நேரத்தக் கொறச்சு நம்ம நேரமா மாத்தி, ஒழுங்காக் காட்டுது பாவம்."

"இந்த ஆலை மணிக்கு அம்பத்தஞ்சு மாடு ஓட்டுது. இப்பதான் எண்ணினேன். திரை நாப்பத்தொண்ணுன்னு சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு."

அவள் ரீஸின் மேசைப் போனை எடுத்து டென்டர்ஃபீல்ட் ஆலையைக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை, அவர்கள் கடிகாரத்தில் பத்து நாலுக்கு, ஒன்பதாம் மேசையில் என்ன நடந்தது என்று கேட்டாள். அந்தப் பக்கத்து மேற்பார்வைக்காரிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கால் வெட்டும் கருவியில் ஒரு ஆளின் இரண்டு விரல் போய்விட்டது. சங்கிலியை நிறுத்தாமல் பக்கத்து ஆள் கைரம்பத்தால் சமாளித்தான். விரல்களைத் தேடி எடுத்து, கருவியைக் கழுவி, வேறு ஆளை நிறுத்த இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. கெஸ்பி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். தன் மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டாள்.

எல்லைக்கு அப்பால் யாரோ ஒருவன் இழந்த விரலுக்காக ஏபெல் கொலைப் பழி சுமந்திருந்தான்.

"நம்ம சர்வருக்கு மாத்து."

"பாஸ்வேர்டு வேணுமே," என்று ஆரம்பித்த லோட்டு, பட்டியலின் கீழே பார்த்து நிறுத்தினான். ரீஸ் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. இரண்டு ஆலைக்கும் தனித்தனி கனெக்‌ஷன் செய்து, பாஸ்வேர்டோடு சேமித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். வார்விக் கனெக்‌ஷன் அணைந்து கிடந்தது. மாற்ற ஒரு அழுத்தல் போதும். லோட்டு அழுத்தினான்.

செவ்வாய்க்கிழமைத் தாள் மறுபடி எழுந்து வந்தது. ஒன்பதாம் மேசை ஆறு மணியிலிருந்து ஒன்பதரைவரை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த நீளமான வரிசையை லோட்டு விரலால் கடைசிவரை தடவிப் பார்த்தான். உடம்பு முறிய வேலை செய்தவனை நாற்பது பேர் முன்னால் உதைத்திருக்கிறார்கள்.

எடைத் தராசு: ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பது இருபத்து நாலுவரை பூஜ்யம். பத்தொன்பது நிமிஷம் மாடுகள் எடை போடாமலே போயிருக்கின்றன.

"டீன் கோரி," என்றான் லோட்டு.

"கூப்டியா?" என்று கதவிலிருந்து குரல் வந்தது.

லோட்டுவுக்குப் பிறகுதான் புரிந்தது. கனெக்‌ஷனை மாற்றிய கணமே கீழே பெரிய திரையும் மாறி எல்லா மேசையும் பூஜ்யமாகியிருக்கிறது. கேன்டீன் ஜன்னலருகே உட்கார்ந்து ரொட்டி கடித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு மட்டும் அந்தப் பூஜ்யத்தின் பொருள் தெரிந்திருக்கிறது.

டீன் பேசிக்கொண்டு நிற்கவில்லை. இரண்டே எட்டில் வந்தான். ஆறங்குலக் கத்தி கீழிருந்து மேலாக, மாட்டு வயிற்றைத் திறக்கும் அதே பழக்கத்தில் வந்தது. லோட்டு கீபோர்டைக் குறுக்கே பிடித்தான். கத்தி அதைப் பிளந்து முன்கையில் இறங்கி எலும்பைச் சுரண்டியது. எழுத்துக் கட்டைகள் பல் மாதிரி உதிர்ந்தன. அடுத்த நொடி இரும்புக் கையுறை முகத்தில் இறங்கி, லோட்டுவின் நிஜப் பல்லும் ஒன்று உதிர்ந்தது.

லோட்டு பின்னால் சாயாமல் முன்னால் சாய்ந்தான். ரக்பி அதைத்தான் சொல்லிக்கொடுக்கும். தோளை டீனின் விலாவில் கொடுத்துத் தள்ளினான். இரண்டு உடம்பும் கண்ணாடியில் மோதி, கண்ணாடி வலை வலையாக விரிந்தது. டீன் அவன் முதுகில் முழங்கையால் குத்தினான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதில் லோட்டுவின் முழங்கால் மடங்கியது. காயத்துக்குள் டீன் கட்டைவிரலை விட்டு நெம்பினான். லோட்டு அலறிவிட்டான். கத்தி கழுத்துக்கு வந்தது.

கெஸ்பி டீனின் பின்னால் இருந்தாள். அவன் இடுப்பில் தொங்கிய கத்தி தீட்டும் இரும்புக் கம்பியை உருவி எடுத்திருந்தாள். பரிசோதகராக இருந்தபோது மாட்டுக்கு எங்கே எந்த எலும்பு என்று படித்தவள். மனிதனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழங்காலின் பக்கவாட்டில் ஒன்று போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது. டீன் சரியும்போதே கத்தி பிடித்த மணிக்கட்டில் இன்னொன்று. கத்தி தரையில் சுழன்று போய் மேசைக்கடியில் நின்றது.

லோட்டு டீனின்மேல் உட்கார்ந்தான். பிளந்து கிடந்த கீபோர்டின் வயரைப் பிடுங்கி அவன் கைகளைப் பின்னால் கட்டினான்.

"வசதியா இருக்கா நண்பா? இல்லன்னா சொல்லு, இன்னும் கொஞ்சம் வெயிட் போடறேன்," என்றான், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

கெஸ்பி டீனின் இடது கையிலிருந்து கண்ணிக் கையுறையை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். எதற்கு என்று லோட்டு கேட்க நினைத்தான். அதற்குள் க்வென் டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

அவள் தட்டைக் கீழே போடவில்லை. அதை லோட்டு பிற்பாடு நினைத்து வியந்தான். ரத்தத்தையும் கண்ணாடியையும் டீனையும் பார்த்துவிட்டு, தட்டை அலமாரிமேல் பதனமாக வைத்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டீன்மேல் தனக்கும் சந்தேகம் இருந்தது என்றாள். ரீஸின் உடம்பிலிருந்து இந்த அறைக் கதவைத் திறக்கும் அட்டையைத் திருடி வந்து கம்ப்யூட்டரை மாற்றியிருப்பான், பாவம் அந்தத் தீவுப் பையன் என்றாள்.

கம்ப்யூட்டரை மாற்றியதாக அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"லோட்டு, கனெக்‌ஷன டென்டர்ஃபீல்டுக்கு எப்ப மாத்துனாங்கன்னு அதுலயே இருக்கும், படி," என்றாள் கெஸ்பி.

லோட்டு ஒரு கையால் மவுஸை நகர்த்தினான். "மாத்துனவர் ரீஸ் ஆல்டர்டன். செவ்வாய், பதினொன்னு இருபது." தலையைத் தூக்கினான். "செத்து ரெண்டு மணி நேரம் கழிச்சும் வேலை பாத்திருக்கான். நல்ல ஊழியர்."

"மெஷின் திறந்தே கிடந்துருக்கு. யார் தொட்டாலும் அவன் பேர்தான் விழும். பதினொன்னு இருபதுக்கு டீன் எங்க இருந்தான்?" கெஸ்பி நோட்டைத் திறந்தாள். "காலையில அவனே சொன்னான். கேன்டீன்ல, நாப்பது பேருக்கு முன்னால, ஏபெல் தாடைய ஒடச்சிட்டு இருந்தான். ஆம்புலன்ஸக் கூப்ட்டது பதினொன்னு இருபத்திரண்டு. தளத்து ஆளுங்க அத்தன பேரையும் போலீஸ் கேன்டீன்லதான் உக்கார வச்சிருந்துச்சு. மேல சாவியோட இருந்தது நீங்க மட்டும்தான் க்வென்."

ஆலையின் சட்ட வேகம் மணிக்கு நாற்பத்திரண்டு என்றும், அவள் ஐம்பத்தைந்து ஓட்டியதில் நவம்பரில் ஏபெலின் சித்தப்பா மகன் கையை இழந்ததைச் சர்ச்சுப் பெண்கள் சொன்னார்கள் என்றும் கெஸ்பி நிதானமாகச் சொன்னாள். அந்த எண்களைக் கொடு என்றுதான் ஏபெல் ரீஸிடம் சத்தம் போட்டிருக்கிறான், ஏபெலே அதை எழுதிக் காட்டியிருந்தான். சண்டைக்காக ரீஸ் சாகவில்லை. கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டதற்காகச் செத்தான்.

"இவன் தானா செஞ்சது," என்றாள் க்வென், டீனைப் பார்க்காமல். "எப்பவும் முரடன். என்ன இதுல இழுக்காதீங்க."

தரையில் கிடந்த டீன் தலையைத் திருப்பினான். முழங்கால் உடைந்தபோதுகூட வராத ஒரு வலி அவன் முகத்தில் வந்தது.

"நானா? கழுத்த மட்டும் அறுத்துடு டீன், திரைய நான் பாத்துக்கறேன்னு யாரு சொன்னா? ஒன்பதாம் மேச நின்னுருக்கு, அதிர்ஷ்டம் பாருன்னு சிரிச்சது யாரு?"

க்வென் மேசையருகே குனிந்தாள். செருப்பைச் சரிசெய்கிறாள் என்றுதான் லோட்டு நினைத்தான். நிமிர்ந்தபோது டீனின் கத்தி அவள் கையில் இருந்தது. லோட்டுவை நோக்கி வரவில்லை, கெஸ்பியை நோக்கியும் வரவில்லை. நேரே டீனின் தொண்டைக்கு இறங்கியது. பேசுகிற வாயை அடைத்துவிட்டால் மிஞ்சுவது எண்கள்தான், எண்களை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

கெஸ்பியின் கை குறுக்கே போய்க் கத்தியின் அலகைப் பிடித்தது. இரும்புக் கண்ணிகள் கிறீச்சிட்டன. ஒரு திருகில் கத்தி இவள் கைக்கு வந்தது. மறு கையிலிருந்த கம்பி க்வென்னின் காறை எலும்பில் விழுந்தது. க்வென் அலமாரிமேல் சாய்ந்து, டீத் தட்டோடு தரைக்குப் போனாள். கொதிக்கும் டீ அவள் இஸ்திரிச் சட்டையில் கொட்டியது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

"இருக்கறது எட்டு," என்றாள் கெஸ்பி கையுறையைப் பார்த்தபடி. "ஏழாக்க மனசு வரல."

"டீக்குப் போகாம இங்கயே நின்னுருந்தா தப்பிச்சிருப்பா பாஸ்."

"ஸ்மோக்கோவ யாரு விடுவா?"

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கெஸ்பி ப்ரோகனைக் கூப்பிட்டாள். மாஜிஸ்ட்ரேட் கட்டிலருகே வந்தாயிற்று, பேனா கையில் இருக்கிறது என்றான் அவன். பேனாவை மூடச் சொன்னாள் கெஸ்பி. நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். பின்னணியில் டீன் கெட்ட வார்த்தைகளோடு தன் பங்கை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது ப்ரோகனுக்கும் கேட்டது. வேனைத் திருப்பி அனுப்புகிறேன் என்றான்.

"போன ஏபெல் காதுல வைங்க," என்று போனை வாங்கினான் லோட்டு. "ஏபெல், நான் லோட்டு. ஒன்பதாம் மேச ஒரு நிமிஷம்கூட நிக்கலடா. தாள்ல இருக்கு. ரீஸ் எல்லாத்தையும் பத்திரமா வச்சுட்டுத்தான் போயிருக்கான்."

கம்பி கட்டிய தாடைக்கு வார்த்தை எங்கே வரும்? மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு அந்த மூச்சுக்குள்ளிருந்து வாய் திறக்காமலே ஒரு முனகல் எழுந்தது. அடிக்குரல். லோட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ரத்தமும் கண்ணீருமாக ஒழுகும் மூக்கை உறிஞ்சினான்.

பத்து மணிக்கு மணி அடித்தது. மேலே நடந்தது எதுவும் தெரியாத அறுபது பேர் வாயைத் துடைத்துக்கொண்டு தளத்துக்கு வந்தார்கள். சங்கிலி குலுங்கி ஓடத் தொடங்கியது. திரையில் ஒவ்வொரு மேசையாக எண்ணிக்கை ஏறியது. ஏபெலின் ஒன்பதாம் மேசைக்கு நேரேயும் டீனின் தராசுக்கு நேரேயும் மட்டும் பூஜ்யம் நின்றது. திரை செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.